நிலக்கரி தேடிக்கொள் என்றார்கள், வந்தது தங்கம்! தெரியுமா?

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? ஆடுகள் கத்துகிற கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அந்தக் கூட்டத்திலும் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவரை ஓரமாக நிறுத்தி, "உங்க வீட்ல யாராவது கோலாருக்குப் போனாங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டன் மைன்ஸுக்குப் பூட்டாரு கண்ணு. அவரு வில்லை ஒண்ணு இன்னும் ஊட்ல கீது" என்றார்.

வில்லையா? என்ன வில்லை? சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்!

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்றால் தோல் ஷாப்புதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் இதே வட ஆற்காட்டுக் கிராமங்களில் இருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் கிளம்பிப் போய் பூமியின் வயிற்றுக்குள் இறங்கினார்கள். எவ்வளவு தூரம் போனார்கள்? காக்கை பறக்கிற கணக்கில் ஒடுகத்தூரில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான்! இறங்கிய ஆழம்? அதைக் கேட்டால் தலை சுற்றும். அதையும் வரிசையில் சொல்கிறேன்.

வண்டி வண்டியாக மண் வந்த கதை தெரியுமா?

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர் எல்லையை அளக்க வந்தவர்களில் ஒருவர் ஜான் வாரன் என்ற ராணுவ லெப்டினென்ட். 1802இல் கோலார் பக்கம் வந்தபோது, அந்த ஊர் மண்ணில் தங்கம் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மனிதர் என்ன செய்தார்? தங்கம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டார்!

மறுபடி பார்த்தால், மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிக்கொண்டு ஊர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள்! அவர் கண்ணெதிரிலேயே மண்ணைக் கழுவினார்கள். அடியில் மினுமினுவென்று பொடி!

எவ்வளவு தேறியது தெரியுமா? 120 பவுண்டு மண்ணுக்கு ஒரு கிரெயின். நம் கணக்கில் சொன்னால், 54 கிலோ மண்ணைக் கழுவினால் அரைக் குன்றிமணி எடைத் தங்கம்! அப்படியானால் ஒரு பவுன் சேர எவ்வளவு மண் வேண்டும்? நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஆறே முக்கால் டன்! ஒரு லாரி மண்ணைக் கழுவினால் ஒரு பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரிக்குப்பத்தில் வாரன் பார்த்தது இன்னும் வியப்பு. அங்கே ஊர் ஆட்கள் ஏற்கெனவே குழி தோண்டி, உள்ளே இறங்கிப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்! மோட்டார் இல்லை, இரும்புக் கயிறு இல்லை. உடைத்த கல்லைக் கூடையில் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். மேலே பெண்கள் காத்திருப்பார்கள். பெரிய பாறையில் வைத்து இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் அலசி, தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். இங்கிலீஷ் கம்பெனி என்று ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்னால்!

இதே வாரன் சோழிக்கும் ஆச்சரியப்பட்டார்!

இது தங்கத்தோடு ஒட்டாத கதை. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. வாரன் பிற்பாடு சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. கணக்கு வாய்பாடெல்லாம் மனப்பாடம்! சோழியை நகர்த்தி நகர்த்தியே 1825இல் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு வந்த பிழை எவ்வளவு தெரியுமா? வெறும் 4 நிமிடம்! முடியும் நேரத்தில் முக்கால் மணிக்கு மேல் சறுக்கிவிட்டார் என்பதும் உண்மை. இருக்கட்டுமே! சோழியை வைத்து உங்களால் நாளைய மின்வெட்டைச் சொல்ல முடியுமா?

வாரன் இதையெல்லாம் 'கால சங்கலிதம்' என்ற பெரிய புத்தகத்தில் அதே 1825இல் எழுதி வைத்தார். தங்கத்தை உலகுக்குச் சொன்ன அதே கைதான்!

நிலக்கரி தேடிக்கொள், போ!

வாரன் எழுதிய குறிப்பு அச்சாகி, தூசி படிந்து, கிட்டத்தட்ட 70 வருடம் தூங்கியது. 1871இல் அது ஒருவர் கையில் கிடைத்தது. அவர் யார்? மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரிப் போரில் சண்டை போட்டு ஓய்வு பெற்று, பெங்களூரு கண்டோன்மென்டில் குடியிருந்தவர். படித்ததும் தூக்கம் போயிற்று! மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆடி ஆடிக் கோலாருக்குக் கிளம்பிவிட்டார்.

1873இல் மைசூர் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். அதிகாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தங்கமா, அதெல்லாம் ஆகிற காரியமில்லை, வேண்டுமானால் நிலக்கரி தேடிக்கொள்! சிரிப்பு வருகிறதா? மண்ணுக்கடியில் தங்கம் நெளிந்து கிடக்கிறது, மேலே உட்கார்ந்து கரி தேடு என்கிறார்கள்! லவெல் விடாக்கண்டர். எனக்குத் தங்கம்தான் வேண்டும் என்று மறுபடி எழுதினார். கடைசியில் 1875இல் 20 வருடக் குத்தகை கைக்கு வந்தது. உரிகம் பக்கம் தோண்ட ஆரம்பித்தார்.

நமக்கு இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு! 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். வந்தது கறுப்பு! அதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. தண்ணீர் தேடியவருக்குக் கரி, கரி தேடச் சொன்னவர்களுக்குத் தங்கம். பூமாதேவிக்கு இப்படி ஒரு குறும்பு!

லவெல் கோடீஸ்வரர் ஆனாரா? அதுதான் இல்லை. கையில் இருந்த காசு குழிக்குள்ளேயே போயிற்று. இரண்டே வருடத்தில் உரிமையை மற்றவர்களுக்குக் கைமாற்ற வேண்டி வந்தது. ஆனால் பெங்களூருவின் பெரும் பணக்காரத் தெருக்களில் ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்: லவெல் ரோடு! அங்கே காபி குடிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெட்டியில் கடைசிக் காசு!

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் உள்ளே வந்தது. சுரங்கம் தோண்டுவதில் பழம் தின்று கொட்டை போட்ட குடும்பம். அவர்களுக்கும் முதலில் பட்டை நாமம்! பங்குக்காரர்கள் கடையைக் கட்டிவிடலாம் என்று முணுமுணுத்தார்கள். மிச்சம் இருந்த பணத்தையும் போட்டு ஒரே ஒருமுறை பார்ப்போம் என்று ஜான் டெய்லர் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன் வந்தார். அவர் எங்கே தோண்டினார் தெரியுமா? நம் பழைய ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில்! அங்கேதான் இருந்தது சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் பாளம். பாட்டன் போட்ட பாதையைப் பிடித்தவனுக்குத்தான் புதையல்! 1880களின் நடுவில் அது அகப்பட்ட பிறகு, மாட்டு வண்டித் தடம் மட்டுமே இருந்த பொட்டல் காடு தலைகீழாக மாறியது.

எவ்வளவு வேகமாக மாறியது? 1891 மக்கள்தொகைக் கணக்கில் அந்த இடத்தில் 7,000 பேர் சொச்சம். பத்தே வருடம்! 1901இல் 38,000 பேருக்கு மேல்! ஐந்து மடங்குக்கும் மேலே! ஒடுகத்தூர் பத்து வருடத்தில் ஐந்து ஒடுகத்தூர் ஆனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

யார் வந்தார்கள்? ஏன் வந்தார்கள்?

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். லவெல் தோண்ட ஆரம்பித்த அடுத்த வருடம் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம்! வட ஆற்காடு, சேலம், மைசூர் எல்லாம் வெந்து போயின. வானம் பொய்த்தது, ஏரி வறண்டது, மாடு செத்தது. நிலம் இல்லாதவன் என்ன செய்வான்? கூலி எங்கே கிடைத்தாலும் நடப்பான்.

நடக்கக்கூட வேண்டியதில்லை, ரயில் தயாராக இருந்தது! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்தில் இருந்து எங்கே ஓடியது தெரியுமா? நம்ம வாலாஜா ரோடுக்குத்தான்! 1864க்குள் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு வரை தண்டவாளம் போய்விட்டது. 1894இல் பங்காரப்பேட்டையில் இருந்து பிரிந்து மாரிக்குப்பம் வரை தனிக் கிளை போட்டார்கள். எதற்கு? சுரங்கத்துக்காகவே! ஆம்பூரில் ஏறிய ஆள் சுரங்க வாசலில் இறங்கலாம்.

அப்படி இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்து ஆதிதிராவிடர்கள். சேலம், சித்தூர்ப் பக்க ஆட்களும் உண்டு. ஊரில் மிராசுதார் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள். அவர்களுக்குக் கோலாரு என்பது கூலி மட்டும் இல்லை. மேஸ்திரி திட்டுவான், பாறை விழும், எல்லாம் தெரிந்தும் போனார்கள். அந்தக் கணக்கு நமக்கு இன்று உட்கார்ந்த இடத்தில் புரியாது.

மேலே வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பங்களா, கிளப், பந்தாட்டத் திடல்! குட்டி இங்கிலாந்து என்றே பேர். கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் என்று பாதி உலகமே அங்கே வந்து இறங்கியிருந்தது. கீழே தொழிலாளிக்கு? மூங்கில் பாயால் கட்டிய தட்டி வீடு! குனிந்தால்தான் வாசல், எழுந்தால் கூரை இடிக்கும். ஒரே ஊர், இரண்டு உலகம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா?

சாம்பியன் ரீஃப் பேசப்பட்ட அதே காலத்தில், அமெரிக்காவின் மேற்கே வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு நிலக்கரி ஊர் இருந்தது. அதுவும் ரயிலுக்காகவே பிறந்த ஊர்! யூனியன் பசிபிக் ரயிலின் எஞ்சினுக்குக் கரி கொடுத்த ஊர். அங்கேயும் தூரத்து ஆட்கள்தான் குழிக்குள் இறங்கினார்கள், பாதிக்கு மேல் சீனர்கள். 1885 செப்டம்பர் 2 அன்று வெள்ளைத் தொழிலாளிகள் துப்பாக்கியோடு சீனர் குடியிருப்பில் நுழைந்தார்கள். குறைந்தது 28 பேரைக் கொன்றார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள்! அங்கேயும் ரயில், அங்கேயும் ஒரே முதலாளி, அங்கேயும் அயலூர் ஆள். கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

பெங்களூருக்கு முன்னால் பல்பு எரிந்த ஊர்!

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பத் தலைநகர் எது? பெங்களூரு! அந்தப் பெங்களூருவில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் எப்போது வந்தது? 1902 ஜூன் 30! மூன்று வருடம் முந்திக்கொண்டது!

எங்கே இருந்து வந்தது என்பதுதான் நம்மூர் ஆச்சரியம். காவிரியில் இருந்து! சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்! டர்பைன் சுவிட்சர்லாந்து! திட்டத்துக்குப் பின்னால் நின்ற திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர்! அங்கிருந்து கோலார் வரை 92 மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று!

இன்னும் இருக்கிறது. கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும், சுரங்கம் நின்றுவிடும். என்ன செய்யலாம்? மேலே ஒரு அணை கட்டித் தண்ணீரைத் தேக்கலாம்! 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்! காவிரிப் பிரச்சினை என்று நாம் நூறு வருடமாகப் பேசுகிறோமே, அதன் ஒரு நுனி தங்கச் சுரங்கத்துக்குள் போய் நிற்கிறது. நம்ப முடிகிறதா?

சரி, குடிதண்ணீர்? அது பாலாறு! பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கிய ஏரியில் இருந்துதான் தங்கவயலுக்குக் குழாய் போனது. அதே பாலாறு பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வருகிறது. வருகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மணலைத்தான் நீங்களும் பார்க்கிறீர்களே! நம் ஆள் இங்கே பாலாற்றங்கரையை விட்டுப் போய், அங்கேயும் பாலாற்றுத் தண்ணீரையே குடித்தான்.

ஏலகிரி மேல் ஏலகிரி மேல் ஏலகிரி!

இப்போது ஆழத்துக்கு வருவோம். சாம்பியன் ரீஃபில் கிஃபர்ட் ஷாஃப்ட் என்று ஒரு குழி. காலப்போக்கில் அங்கே எவ்வளவு ஆழம் போனார்கள் தெரியுமா? 3.2 கிலோமீட்டர்! ஏலகிரி மலையின் உயரம் சுமார் 1,100 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஏலகிரியை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்தக் குழி நிரம்பும்! நீலகிரியின் தொட்டபெட்டாவைத் தலைகீழாக உள்ளே இறக்கினால், அதற்குக் கீழேயும் அரைக் கிலோமீட்டர் காலியாக இருக்கும்! தஞ்சைப் பெரிய கோவில் கோபுரம் என்றால் 48!

தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கடைசித் தளத்தில் நின்றவர், மெரினாக் கடற்கரையில் நிற்பவரை விட 2 கிலோமீட்டருக்கு மேல் கீழே நின்றார்!

அவ்வளவு ஆழத்துக்கு எதில் இறங்கினார்கள்? கேஜில்! கேஜ் என்றால்? இரும்புக் கூண்டு. தோளோடு தோள் இடிக்க ஆட்களைத் திணித்து, கம்பிக் கதவைச் சாத்தி, மணி அடிப்பார்கள். அடுத்த நொடி காலடி இல்லாத மாதிரி இருக்கும்! காது அடைக்கும். எச்சில் முழுங்கினால் திறக்கும், மறுபடி அடைக்கும். ஒரே கூண்டில் அடிவரை போய்விட முடியாது, பாதியில் இறங்கி அடுத்த ஷாஃப்டுக்கு நடக்க வேண்டும். இறங்க இறங்கக் குளிருமா? இல்லை, சுடும்! அடித்தளத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல்! வேலூர் அக்னி நட்சத்திரத்துக்கே நாம் அலறுகிறோம். அவர்கள் இடுப்பில் ஒரு துண்டோடு அந்த அடுப்புக்குள் துளை போட்டார்கள்.

பாறை அங்கே பேசும்! 3 கிலோமீட்டர் மலை மேலே அழுத்துகிறதல்லவா? தோண்டிய இடத்தில் பாறை திடீரென்று தானே வெடிக்கும். வெடி வைக்காமலே வெடி! மேலே லைன் வீட்டில் அடுக்கிய பானை உருளும். குழந்தை அழும். பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். எந்த ஷிப்டில் யார் என்று தெரியாத அந்த அரைமணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். இந்த அதிர்ச்சிகளை அளக்க 1912லேயே தங்கவயலில் நிலநடுக்கமானி வைத்துவிட்டார்கள்! நிலநடுக்கத்துக்கு இல்லை, மனிதன் கிளப்பிய நடுக்கத்துக்கு!

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரியும் இருந்தான். பாறைத் தூசி! நுரையீரலில் போய்க் கல்லாகும். 1940களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 100க்கு 43 பேருக்கு மேல் அந்த நோய்! இதற்கு ஆச்சரியக்குறி போட எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் விழுந்துவிட்டது.

சுரங்க ஊரில் இருந்து பத்திரிகை!

கூலி ஊர் என்றால் எழுத்து வாசனை இருக்காது என்று நினைக்கிறீர்களா? அயோத்திதாசப் பண்டிதரை உங்களுக்குத் தெரியும். 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்கு உயிர் கொடுத்தவர்களில் தங்கவயல் தொழிலாளிகளும் உண்டு. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளையே இருந்தது! பகலில் பாறை உடைத்தவன், மாலையில் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பண்டிதர் 1914இல் மறைந்தார். பிற்பாடு, 1926இல், 'தமிழன்' மறுபடி எங்கிருந்து வந்தது தெரியுமா? தங்கவயலில் இருந்து! நடத்தியவர் அப்பாதுரையார். அவர்கள் புத்தகங்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கேதான். 1954இல் அம்பேத்கரே தங்கவயலுக்கு வந்தார்!

1930இல் இன்னொரு கூத்து. தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யப் போகிறோம் என்றது நிர்வாகம். கைரேகை என்றால் யாருக்கு எடுப்பார்கள்? திருடனுக்கு! நாங்கள் என்ன திருடர்களா? சுரங்கமே நின்றது! ஆதாருக்கு வரிசையில் நின்று பத்து விரலையும் கொடுத்த நாம் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம்.

அந்தத் தமிழ் வாசனை எவ்வளவு நாள் நின்றது? கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. வேட்பாளரை ஜெயிக்க வைத்து அனுப்பிய தொகுதி தங்கவயல்! ஒருமுறை மட்டும் இல்லை, 1989இலும் 1999இலும்!

தங்கம் தேடிய குழியில் மாட்டிய பேய்த் துகள்!

உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். இந்த ஒரு விநாடியில் அதன் வழியாகப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிப் போய்விட்டன! வலித்ததா? இல்லை. சுவர், மலை, பூமி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும், எதிலும் லேசில் முட்டாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் மற்ற சத்தமெல்லாம் அடங்கிய இடம் வேண்டும். பாறைக்கு அடியில் போக வேண்டும்!

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். 1965! வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ சிக்கியது. அதை உலகிலேயே முதலில் அச்சில் அறிவித்தவர்கள் இவர்கள்தான்! அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழு பிடித்தது. அதுவும் எங்கே? ஒரு தங்கச் சுரங்கத்தில்! தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும், வேண்டாம் என்று நாம் சண்டை போட்டோமே, அந்தத் துகளுக்கு நம் ஆட்கள் கதவு திறந்துவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

ஆளுக்கு ஒரு பவுன்!

1905 வாக்கில் தங்கவயல் உச்சத்தில் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் சுமார் 19 டன் தங்கம்! ஒரு நாளைக்கு எத்தனை பவுன்? 6,500! ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்த்து, தினமும் 6,500!

மொத்தக் கணக்கு? 120 வருடத்தில் சுமார் 800 டன். 8 கிராம் ஒரு பவுன் என்று வகுத்துப் பாருங்கள். 10 கோடி பவுன்! 2011 கணக்கில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். பிறந்த குழந்தை முதல் பல் போன பாட்டி வரை ஆளுக்கு ஒரு பவுன் கொடுத்தாலும், இரண்டே முக்கால் கோடி பவுன் மிச்சம் நிற்கும்! இன்றைக்குப் பவுன் விலை என்ன என்று கேட்காதீர்கள். நகைக்கடை வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது.

கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 3 கிராம் அளவுக்குத்தான் தேறியது. 1956இல் மைசூர் அரசு கம்பெனிக்காரர்களிடம் இருந்து வாங்கியது, பிறகு மத்திய அரசு நடத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று பூட்டு! இப்போது போனால் என்ன தெரியும்? அரைத்துத் தங்கம் எடுத்த சக்கை மண், மலை மலையாக நிற்கும். சயனைடு மலை என்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம்! 'கே.ஜி.எஃப்', 'தங்கலான்' என்று படங்கள் வந்து ஊர் பெயர் உலகமெல்லாம் போயிற்று. ஊர்க்காரர்களோ விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சுரங்கத்துக்கு ஆள் கொண்டுவரப் போட்ட அதே மாரிக்குப்பம் தண்டவாளம், இப்போது ஆளை வெளியே கொண்டுபோகிறது!

அந்த வில்லை?

மறக்கவில்லை! சுரங்கத் தொழிலாளிக்கு ஆளுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண் பொறித்த வட்ட வில்லைதான் அவன் அடையாளம். அதைப் பார்த்துத்தான் உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று கணக்கு. வில்லை திரும்பவில்லை என்றால்? ஆளும் திரும்பவில்லை!

சந்தைப் பெரியவரோடு அவர் வீட்டுக்கே போனேன். சாமி மாடத்தில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டணாவைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே ஒரு ஓட்டை, நடுவில் எண். பெயர் இல்லை. ஓரமெல்லாம் தேய்ந்து மொழுமொழு என்று இருந்தது. வெளிச்சத்தில் காட்டினால் மஞ்சளாகப் பளபளத்தது.

"தாத்தா, இது தங்கமா?" என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கும் சின்ன வயசுல அந்தச் சந்தேகம் இருந்துச்சு கண்ணு. குடியாத்தத்துல ஒரு பத்தர்கிட்ட எடுத்துனு போய்க் காட்டினேன். ஒரசிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். பித்தளையாம்!"

சொல்லிவிட்டு அதைத் துண்டால் ஒருமுறை துடைத்து மாடத்தில் வைத்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு பல் போட்ட கிடா ஒன்று விலை படியவில்லையாம்.